வெள்ளை வீசும் நாளைக் கம்மாய்தான் சொல்ல வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், ஒரு 10 நிமிடம் உட்கார்ந்து படியுங்கள். பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலும் அவர்கள் அப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க் கம்மாயில் மீன்பிடித் திருவிழா நடந்தது. கரையில் நின்று நான் எடுத்த இரண்டு போட்டோவை இங்கே போட்டிருந்தேன். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக நிற்கிறார்கள். ஒரு பாட்டி ஊத்தாவுக்குள் கையை விட்டு விராலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அவ்வளவுதான் போட்டோ.

அதன் கீழே இரண்டு பேர் எழுதியதுக்குத்தான் இந்தப் பதிவு. மூன்றாவதாக ஒருவருக்கும் பதில் இருக்கிறது. அவர் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அவருக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எழுதியவன் டென்வரில் இருக்கும் என் பழைய மாணவன். 10-ஆம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன். ஒரு மலை ஓடையில் முழங்கால் தண்ணீரில் நீளமான தூண்டிலோடு நிற்கிற தன் போட்டோவைப் போட்டிருந்தான். ட்ரவுட் மீன் பிடிக்கப் போனானாம். பனி இன்னும் முழுக்க உருகவில்லை, ஓடை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தான். காலையில் தண்ணீர் 4, 5 டிகிரி. அப்போது மீன் அடியில் கல் மாதிரி கிடக்குமாம். மதியம் இரண்டு மூன்று டிகிரி ஏறினால்தான் சின்னச் சின்ன ஈக்கள் தண்ணீரிலிருந்து மேலே கிளம்புமாம். அப்போதுதான் மீன் வாயைத் திறக்கும். அதனால் இவன் முதலில் ஓடையில் கல்லைப் புரட்டி, அடியில் என்ன பூச்சி ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறான். அதே அளவில், அதே நிறத்தில், இறகையும் நூலையும் வைத்துக் கட்டிய பொய் ஈயைத் தூண்டிலில் மாட்டுகிறான். மீன் கிடைத்தால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை எடுத்துவிட்டு, திரும்பவும் ஓடையிலேயே விட்டுவிடுகிறான்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "நம்ம ஊர்ல மீன் பிடிக்கிறதுக்கு இப்படி ஒரு ஒழுங்கு வராதா டீச்சர்?"

இரண்டாவதாக எழுதியவன் என் அண்ணன் மகன். சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். "அத்தை, இதெல்லாம் காட்டுமிராண்டித்தனம். இதைப் போய் பெருமையா போடுறீங்களே" என்று எழுதியிருந்தான். அதுக்கு 15 பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். பெயர்களை எண்ணி வைத்திருக்கிறேன்.

முதலில் டென்வர்க்காரனுக்கு.

தம்பி, நீ கல்லைப் புரட்டிப் பூச்சி பார்த்தாய் என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உனக்குப் பாடம் எடுத்தது வீண் போகவில்லை. மீன் பிடிக்கப் போகிறவன் முதலில் தண்ணீரைப் படிக்க வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அந்தப் படிப்பு ஏதோ அமெரிக்காவில் மட்டும் இருக்கிறது என்று நினைக்கிறாய் பார், அங்கேதான் தப்பு செய்கிறாய்.

உன் ட்ரவுட் நம் தமிழ்நாட்டிலேயும் இருக்கிறது. நீலகிரிக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மீன் அறிஞர் முயன்று பார்த்தார், நிலைக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் வெளிநாட்டு முட்டைகளை வரவழைத்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, குஞ்சுகளை மலை ஓடைகளில் விட்டார். அதுக்கு முன்பே, 1879-லேயே, நீலகிரிக்கென்று தனியாக வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டார்கள். எப்போது பிடிக்கலாம், எப்போது கூடாது என்று காலம் வகுக்க அந்தச் சட்டம் வழி செய்தது. துரைமார்களின் பொழுதுபோக்குக்கே சட்டம் போட்டுக் காலம் வகுத்தார்கள் என்றால், வயிற்றுக்குப் பிடிக்கிறவன் காலம் வகுக்காமல் இருந்திருப்பானா?

நம் ஊரிலும் வகுத்தான். அதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மழை. வரத்துவாரியில் வெள்ளம் வரும்போதே கெண்டையும் குரவையும் எதிர்த்து ஏறிவரும். அப்போது ஊரே கூடி மீன் பிடிக்கிற வழக்கம் எங்கேயும் கிடையாது. கம்மாய் நிறைந்து, நெல் விளைந்து, தை மாதம் அறுப்பு முடிந்து, மாசி பங்குனியில் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். உன் ஊரில் அது வசந்தத்தின் தொடக்கம். நம் கணக்கில் பின்பனி. காலையில் பனி, மதியம் மண்டையைப் பிளக்கிற வெயில். அந்த நேரத்தில்தான் ஊர்ப் பெரியவர்கள் கரையில் போய் நிற்பார்கள்.

எதைப் பார்ப்பார்கள்? என் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன். எங்கள் கம்மாயில் மடைக்கு மேலே இரண்டு கல் தூண் நிற்கும். நடுவில் குறுக்குக் கற்கள் இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் பழைய கம்மாய்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கீழே இருக்கிற குறுக்குக்கல் தண்ணீருக்கு வெளியே தெரிய வேண்டும். ஆயக்கட்டில் கடைசி வயலும் அறுத்து முடித்திருக்க வேண்டும். விடிகாலையில் கெண்டை மேலே வந்து வாயை வாயைத் திறக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான், "சரி, நாள் பார்க்கலாம்" என்பார்கள். கல் தெரியவில்லை என்றால் பங்குனி முடிந்தாலும் யாரும் இறங்கக் கூடாது.

விடிகாலையில் கெண்டை ஏன் வாயைத் திறக்கிறது? நான் உங்களுக்கு நடத்திய பாடம்தான். 10 டிகிரி குளிர்ந்த தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரி தண்ணீரால் ஏழரை மில்லிகிராம்தான் முடியும். அதனால்தான் ட்ரவுட் குளிர்ந்த ஓடையை விட்டு இறங்காது. நம் கம்மாயில் பகலில் பாசியும் செடியும் வெயிலில் ஆக்சிஜன் விடும். இரவில் அவையும் மீனோடு சேர்ந்து சுவாசிக்கும். ஆக, விடியும் நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைவு. தண்ணீர் குறையக் குறைய, மீன் நெருங்க நெருங்க, அது மூச்சுக்கு மேலே வரும். கெண்டை வாய் திறந்தால், "இந்தத் தண்ணீருக்கு இத்தனை மீன் அதிகம், எடுத்துக்கொள்" என்று கம்மாய் சொல்கிறது. நீ கல்லைப் புரட்டி ஈயைப் பார்க்கிறாய். என் அப்பா கரையில் நின்று கெண்டை வாயைப் பார்த்தார். இரண்டும் ஒரே படிப்புத்தான் தம்பி.

இப்போது அண்ணன் மகனுக்கு.

காட்டுமிராண்டித்தனம் என்று எழுதினாய். சித்தன்னவாசலுக்கு உன்னை நான்தான் கைப்பிடித்துக் கூட்டிப் போனேன். குகைக்குள் விதானத்தைப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? தாமரைக் குளம். உள்ளே மீன், யானை, எருமை, அன்னம். குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கிற மனிதர்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலான ஓவியம். அந்தப் படத்தில் குளம் யாருக்குச் சொந்தம் என்று பார். மீனுக்கும் யானைக்கும் மனிதனுக்கும் ஒரே தண்ணீர். அந்தக் குகையைச் சுற்றி இருக்கிற அன்னவாசல், இலுப்பூர் பக்கத்து ஊர்களில்தான் இன்றைக்கும் மாசி, பங்குனியில் ஜனங்கள் கம்மாயில் இறங்குகிறார்கள்.

குளத்து மீன்பிடியை வெள்ளைக்காரர்கள் கேவலமாக நினைத்தார்கள் என்றும் எண்ணாதே. மதராஸ் ராஜதானியில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ் என்பவர் 1887-ல் இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார்.

ஊத்தா என்றால் என்ன என்று உன் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். மூங்கில் குச்சியில் பின்னிய, மேலேயும் கீழேயும் திறந்த கூடை. மேல்வாய் சிறிது, அடிவாய் பெரிது. தண்ணீரில் குத்தி வைக்க வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். ஒரு குத்துக்கு ஒரு மீன் கிடைத்தால் பெரிது. பத்துக் குத்துக்கு ஒன்பது வெறும் சேறு. குஞ்சு மீன் குச்சி இடைவெளியில் போய்விடும். பொழுது சாய்ந்து எல்லோரும் கரையேறும்போது கம்மாயில் இன்னும் மீன் இருக்கும். அதுதான் அந்தக் கருவியின் அழகு. அதனால் முழுக்கப் பிடிக்க முடியாது.

"குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறான்" என்று அரசியல்வாதியைத் திட்டுகிறோம். உண்மையான குட்டையைக் குழப்புகிறவர்களைப் பார். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் இறங்குகிறார்கள். சேறு கலங்கி மீன் மேலே வருகிறது. அந்தக் குழப்பத்தில் யாருக்கும் தனிச் சலுகை இல்லை. காலனிக்காரர், ஊர்க்காரர், அடுத்த ஊர்க்காரர் எல்லோரும் ஒரே சேற்றில் நிற்கிறார்கள். வருடத்தில் மற்ற நாட்களில் இந்த மாவட்டத்தில் அது எத்தனை இடத்தில் நடக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிடித்த மீனை யாரும் விற்பதில்லை. அன்றைக்கு ராத்திரி ஊர் முழுக்க மீன் குழம்பு வாசனைதான். மீன் கிடைக்காத வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போய்விடும்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்போது வீடியோவைப் பார்த்துவிட்டு வேறு மாவட்டத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறார்கள். கம்மாய் தாங்காத கூட்டம். வெள்ளை வீசுவதுக்கு முன்பே நாலு பையன்கள் குதிக்கிறார்கள். பாலிதீன் பையையும் பாட்டிலையும் கரையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கொசுவலை மாதிரி பொடிக் கண்ணி வலையைக் கொண்டுவந்து விரல் நீளக் குஞ்சையும் அள்ளுகிறவர்களை இந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். அதையெல்லாம் கண்டி. நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். ஆனால் சேற்றில் நிற்கிற காலைப் பார்த்துக் காட்டுமிராண்டி என்று சொல்லாதே. உன் தாத்தா கால் அது.

இனி மூன்றாவது ஆளுக்கு வருகிறேன்.

பக்கத்து ஊரில் திருவிழா நடந்தது. எங்கள் ஊரில் ஏன் நடக்கவில்லை என்று யாராவது கேட்டீர்களா? யாரும் கேட்கவில்லை.

எங்கள் கம்மாயின் மீன்பாசி குத்தகையை இந்த முறை எடுத்தவரும் என் மாணவர்தான். பெயர் சொல்லப் போவதில்லை. மாசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மடைத் தூணில் கீழ்க்கல் இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. ஒரு நாள் விடிகாலையில் எஞ்சின் சத்தம் கேட்டு எழுந்து போனேன். இரண்டு ஆயில் எஞ்சின்களை மடைப் பள்ளத்தில் இறக்கி, பெரிய ஓஸ் போட்டு, தண்ணீரைக் கலுங்குக்கு அந்தப் பக்கம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இரவும் பகலுமாக மூன்று நாள். நாலாவது நாள் காலையில் கம்மாயில் சேறுதான் மிச்சம். மீன் துள்ளிக்கொண்டு கிடந்தது. கூடை கூடையாக அள்ளி, ஐஸ் பெட்டியில் போட்டு, வண்டி ஏற்றிவிட்டார்கள். குஞ்சு மீனையும் கருவாட்டுக்கு என்று அள்ளினார்கள். அதுக்குப் பிறகு மண்வெட்டியை எடுத்துச் சேற்றை வெட்டினார்கள். எதுக்கு என்று கேட்டேன். "விரால் உள்ளே புதைஞ்சிருக்கும் டீச்சர்" என்றான் கூலிக்கு வந்த பையன்.

அவனுக்கு அது சரியாகத் தெரிந்திருக்கிறது. விராலுக்குச் செவுள் மட்டும் இல்லை, காற்றையும் நேராகச் சுவாசிக்கும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். மழை வந்ததும் வெளியே வந்து முட்டையிட்டு, சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தகப்பனுமாகக் காவல் காக்கும். அந்தச் சேறுதான் அடுத்த வருடத்தின் விதைக்கோட்டை. விதை நெல்லைக் குத்திச் சமைக்கிற வீட்டை நாம் என்ன சொல்வோம்?

குத்தகைதாரர் கரையில்தான் நின்றார். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். பழைய மரியாதை. "ஏன்ப்பா இப்பவே?" என்றேன்.

"டீச்சர், பணம் கட்டி எடுத்திருக்கேன். குஞ்சு வாங்கி விட்டிருக்கேன். ராத்திரி திருட்டு வலை போடுறாங்க. இன்னும் ரெண்டு மாசம் காவல் காக்க எனக்குக் கட்டுப்படியாகாது. எப்படியும் சித்திரையில வத்தப் போற தண்ணிதானே?"

அவர் சொன்னதில் பாதி நியாயம். திருட்டு வலை போடுவது உண்மை. போடுகிறவர்களில் இரண்டு பேர் இந்தப் பதிவையும் படிப்பார்கள். கடன் வாங்கிக் குத்தகை எடுத்தவரின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அவர் சொன்ன மற்ற பாதிக்கு அன்றைக்கு என்னால் கரையில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்துவிட்டது. இப்போது சொல்கிறேன்.

ஒன்று. "எப்படியும் வற்றப் போற தண்ணீர்." மாசியில் இறைப்பதும் சித்திரையில் வற்றுவதும் ஒன்றல்ல. நடுவில் இரண்டு மாதம் இருக்கிறது. அந்த இரண்டு மாதம் ஆடு மாடு அங்கேதான் குடிக்கும். கம்மாய்க்குக் கீழே இருக்கிற கிணறுகள் அந்தத் தண்ணீரில்தான் ஊறும். நாரையும் கொக்கும் அந்தக் கலங்கல் தண்ணீரில்தான் இரை எடுக்கும். இந்த வருடம் மாசியிலேயே எங்கள் தெருவில் மாட்டை இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் போய்த் தண்ணீர் காட்டுகிறார்கள். ஓட்டிப் போகிறவர்கள் யார்? முக்கால்வாசி வயதான பெண்கள். மீன் விற்ற காசில் அவர்களுக்குப் பங்கு உண்டா?

இரண்டு. "குஞ்சு வாங்கி விட்டிருக்கேன்." கட்லா, ரோகு, மிருகால் குஞ்சு. அவை வடக்கே கங்கைப் பக்கத்து ஆற்று மீன்கள். ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கின கம்மாயில் முட்டையிடாது. 1957-ல் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டை வகைகளை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. அது பெரிய சாதனை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருடா வருடம் காசு கொடுத்து வாங்கித்தான் விட வேண்டும். நீலகிரி ஓடையில் ட்ரவுட் எப்படிப் பொரிப்பகத்தை நம்பி வந்த விருந்தாளியோ, அப்படித்தான் நம் கம்மாயில் கட்லா. விரால், குரவை, கெளுத்தி, அயிரை எல்லாம் வீட்டுக்காரர்கள். யாரும் காசு கொடுத்து விடவில்லை. விருந்தாளிக்காக வீட்டுக்காரனைச் சேற்றோடு வெட்டி எடுத்துவிட்டோம். அடுத்த வருடம் விருந்தாளி மட்டும்தான் இருப்பார், அதுவும் காசு கொடுத்தால்.

மூன்று. வீட்டுக்காரன் போன இடத்தில் யார் வந்து உட்காருவார்? ஜிலேபி ஏற்கெனவே வந்துவிட்டது. 1952-ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன் அது. குஞ்சை வாயிலேயே வைத்து வளர்க்கும், கட்டுப்பாடில்லாமல் பெருகும். இப்போது நம் பிள்ளைகள் அதை நாட்டு மீன் என்றே நினைக்கிறார்கள். போகட்டும். ஆனால் அன்றைக்கு அந்தச் சேற்றில் முழங்கை நீளத்தில் இரண்டு ஆப்பிரிக்கக் கெளுத்தி கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மற்ற மீனையும் முட்டையையும் தின்று தீர்க்கிற மீன். காற்றைச் சுவாசித்து, ஈரத் தரையில் நகர்ந்து அடுத்த குட்டைக்கும் போய்விடும். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அதை வளர்க்கத் தடை போட்டது. எப்படி வந்தது என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

நான்கு. "பணம் கட்டி எடுத்திருக்கேன்." எதை எடுத்தார்? மீனை எடுத்தார். தண்ணீரை அல்ல. மீன்பாசி குத்தகை ஒன்றும் புதிதல்ல. பழைய கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று வருகிறது, குளத்து மீனுக்கு வாங்கிய வரி. மீனை ஏலம் விடுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சாயத்துக்கு வருமானம் வேண்டும். ஆனால் மாங்காய்க் குத்தகை எடுத்தவன் மரத்தை வெட்ட முடியுமா? எங்கள் ஊர்க் குத்தகை பசலிக் கணக்கு. பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது. மாசியில் எஞ்சின் இறக்க வேண்டிய அவசரம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இதுதான் நான் சொல்ல வந்தது. கம்மாயில் மீன் பிடிக்கிற நாளைத் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். எஞ்சின் வாடகையும் மீன் வியாபாரியின் வண்டியும் சொல்லக் கூடாது. டென்வரில் என் மாணவன் தண்ணீர் இரண்டு டிகிரி ஏறட்டும் என்று மதியம் வரைக்கும் காத்திருக்கிறான். கரையில் என் அப்பா கல் தெரியட்டும் என்று பங்குனி வரைக்கும் காத்திருந்தார். நாம்தான் காத்திருக்க மறந்துவிட்டோம்.

"டீச்சர், ரிட்டயர்டு ஆகிட்டீங்க, பென்ஷன் வருது, பேரப்பிள்ளையோட இருக்க வேண்டியதுதானே, எதுக்கு வம்பு?" என்று நேரிலேயே ஒரு மாணவி கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். அவளுக்கும் பதில். 34 வருடம் கரும்பலகையில் உணவுச் சங்கிலி வரைந்து காட்டியிருக்கிறேன். பாசி, பூச்சி, கெண்டை, விரால், கொக்கு என்று அம்புக்குறி போட்டு. ஐந்து மதிப்பெண் கேள்வி. எல்லோரும் சரியாக எழுதினீர்கள். குத்தகைக்காரரும் எழுதினார், அவருக்கு ஐந்துக்கு ஐந்து போட்டது நான்தான். அந்தச் சங்கிலியை என் வீட்டு வாசலிலேயே மண்வெட்டியால் வெட்டும்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், 34 வருடம் நான் நடத்தியது பாடமா, மதிப்பெண்ணா?

சரி, புலம்பல் போதும். என்ன செய்யலாம்?

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்குக் கிராம சபை உண்டு. தமிழ்நாட்டில் 2022-லிருந்து அந்த நாளையும் கிராம சபை நாளாகச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சபையில் நான் போய் எழுந்து நிற்கப் போகிறேன். மூன்றே மூன்று நிபந்தனை கேட்கப் போகிறேன். அடுத்த குத்தகைக் காகிதத்தில் அவை இருக்க வேண்டும்.

முதலாவது, எஞ்சின் வைத்து இறைக்கக் கூடாது. மடைப் பள்ளத்தில் இருக்கிற தண்ணீர் ஆடு மாட்டுக்கும் தாய் மீனுக்கும். அதில் வலையும் விழக் கூடாது, ஓஸும் விழக் கூடாது.

இரண்டாவது, குத்தகைதாரர் தன் மீனை வலை போட்டுப் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் கீழ்க்கல் வெளியே தெரிந்த பிறகுதான். பொடிக் கண்ணி வலை கூடாது. கடைசியில் ஒரு நாள் வெள்ளை வீசி ஊருக்கு விட வேண்டும். ஊத்தாவும் கச்சாவும் தூரியும் அன்றைக்கு இறங்கும்.

மூன்றாவது, வெளியிலிருந்து எந்தக் குஞ்சு வந்தாலும் கரையில் நாலு பேர் பார்த்த பிறகுதான் தண்ணீரில் விட வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்று இருந்தாலும் வண்டி திரும்பிப் போகட்டும்.

இதுக்குப் பதிலாக ஊர் என்ன தர வேண்டும்? இரவுக் காவல். திருட்டு வலையை ஊர் தடுக்காவிட்டால் குத்தகைக்காரரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் கிடையாது. முறை வைத்துக் காவல் போடலாம். நானும் ஒரு நாள் இரவு கரையில் உட்காருகிறேன். டார்ச் லைட் என்னிடம் இருக்கிறது. தூக்கம் எப்படியும் வருவதில்லை.

வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்கிற பிள்ளைகளே, பணம் அனுப்புகிறேன் என்று யாரும் எழுதாதீர்கள். ஒன்றே ஒன்று செய்யுங்கள். 22-ஆம் தேதிக்கு முன்னால் ஊருக்குப் போன் போட்டு, அப்பாவோ அம்மாவோ சித்தப்பாவோ யார் இருக்கிறார்களோ அவர்களைக் கிராம சபைக்குப் போய்க் கை தூக்கச் சொல்லுங்கள். நான் ஒருத்தி எழுந்து நின்றால் "டீச்சர் ஏதோ சொல்றாங்க" என்று டீ கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். நாற்பது பேர் எழுந்தால் காகிதத்தில் ஏறும்.

அண்ணன் மகனே, அடுத்த வருடம் மாசிக் கடைசியில் ஒரு வாரம் லீவு போட்டு வா. பிள்ளைகளையும் கூட்டி வா. கல் தெரிந்து, வெள்ளை வீசினால், உன் தாத்தாவின் ஊத்தா பரணில்தான் இருக்கிறது, இறக்கித் தருகிறேன். பத்துக் குத்துக் குத்தி ஒரு மீன் பிடித்துக் காட்டு. அதுக்குப் பிறகு காட்டுமிராண்டியா இல்லையா என்று எழுது.

என் குத்தகைக்கார மாணவருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உன் மேல் எனக்குக் கோபம் உண்டு, பகை இல்லை. 22-ஆம் தேதி நீயும் வா. செருப்பைக் கழற்ற வேண்டாம், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். உன் கணக்கையும் ஊர் முன்னால் சொல். காவலுக்கு ஆள் போட்டால் பங்குனி வரைக்கும் பொறுக்க முடியுமா, முடியாதா என்று வாயைத் திறந்து சொல். முடியும் என்று நீ சொன்னால், தீர்மானத்தில் முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும். இரண்டாவது என்னுடையது.

மற்றவர்கள் கமெண்டில் சண்டை போடலாம். எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்